இரண்டாம் நாள் கறி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பெங்களூர் விவேக் நகர் சற்றுத் தாமதமாகத்தான் கண் விழிக்கும். 24-ம் தேதி நள்ளிரவுப் பூசை, 25-ம் தேதி மதிய விருந்து, மாலையில் கேக் தட்டுகளோடு வந்துபோகும் அக்கம்பக்கத்தார் என்று ஒன்றரை நாள் ஓடிக் களைத்த வீடுகள். தொட்டி நிறையப் பாத்திரங்கள். அடுப்பு மேடையிலோ ஃபிரிஜ்ஜுக்குள்ளோ மூடி வைத்த சட்டி ஒன்று. அதற்குள் ரோஸ்ட்டில் ஒரு துண்டம், பன்றி விண்டாலுவில் அரைக் கிண்ணம், பிரியாணியில் யார் கண்ணிலும் படாமல் தப்பிய நாலைந்து துண்டுகள். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் பசி என்று வந்து நிற்பார்கள். சமைத்தவருக்கோ அடுப்பைப் பார்க்கவே பிடிக்காது.

அந்தச் சட்டி ராத்திரி அடுப்பு மேடையில் இருந்ததா, ஃபிரிஜ்ஜுக்குள் இருந்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வருமுன் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

விவேக் நகர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குழந்தை இயேசு ஆலயம்தான். வியாழக்கிழமை நவநாளுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் வரும். சுற்றிலும் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா, கொஞ்சம் தள்ளி ரிச்மண்ட் டவுன். 1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடும் பட்டாளத்தை நம்பியும் வந்த தமிழர்களின் வாரிசுகள் இந்தப் பக்கமெல்லாம் பரவியிருக்கிறார்கள். ஆங்கிலோ-இந்தியர்கள், மலையாளிகள், மங்களூர், கோவா கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள் என்று தெருவுக்குத் தெரு சமையல் வாசனை மாறும். ஜனவரி மத்தியில் ஆலயத் திருவிழா வேறு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், திருவிழா என்று மூன்று வாரத்துக்கு இறைச்சி மிஞ்சிக்கொண்டே இருக்கும் பேட்டை இது.

மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே ஒரு பழைய பதில் உண்டு. பெயர் ஜால்ஃப்ரெஸி. இன்று ஓட்டல் மெனுவில் குடமிளகாயும் தக்காளிக் குழம்புமாக வருகிற ஐட்டத்துக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம்தான் அதிகம். ஆங்கிலோ-இந்திய வீடுகளில் ஜால்ஃப்ரெஸி என்றால் நேற்றைய ரோஸ்ட்டைத் துண்டு போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, மஞ்சள் சேர்த்து, பல சமயம் அவித்த உருளைக்கிழங்கோடு, குழம்பே இல்லாமல் சட்டியில் சுருட்டி எடுப்பது. சொல்லின் பூர்வீகமும் வேடிக்கையானது. 'ஜால்' என்பது காரத்தைக் குறிக்கும் வங்காளச் சொல், பின்பாதி பத்தியத்தைக் குறிக்கும் 'பர்ஹேஸ்' என்ற உருது, பாரசீகச் சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. காரமும் பத்தியமும் ஒரே தட்டில்! அதை எந்த வைத்தியர் ஒப்புக்கொண்டாரோ.

வெள்ளைக்காரர் வீட்டில் பெரிய துண்டமாக இறைச்சியைச் சுடுவார்கள். முதல் நாள் சூடாக, மறுநாள் ஆறிப்போனதை அப்படியே அரிந்து. இங்கிலாந்துக் குளிரில் அது சரி. சென்னையிலும் பெங்களூரிலும் ஆறிப்போன கறியைத் தொட வெள்ளைக்காரருக்கே மனம் வரவில்லை. சமையற்காரர் வெங்காயமும் மிளகாயும் போட்டு அதற்கு மறுபிறப்பு கொடுத்தார். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் நூலில், சமைத்த இறைச்சியை மறுபடி சமைப்பதைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். அந்தக் காலத்துத் துரைசானிகளுக்கு இது அன்றாடத் தலைவலி என்று தெரிகிறது. நம் காலத்தில் கோலார் தங்க வயலில் பிறந்து பெங்களூரில் வாழும் பிரிட்ஜெட் ஒயிட்-குமார், ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பல புத்தகங்களாகப் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக் குறிப்பேடுகளோடு மறைந்துபோக இருந்த பல பண்டங்கள் அப்படித்தான் தப்பின.

தமிழர் வீட்டுக்கு இது அந்நியமும் அல்ல. தீபாவளிக்கு மறுநாள் கறிக்குழம்பைச் சுண்ட வைத்து, கறி மசாலாவோடு ஒட்டிக் கறுத்து வரும்போது இட்லிக்கோ பழைய சோற்றுக்கோ தொட்டுக்கொள்வது தெரிந்ததுதான். முதல் நாள் குழம்பை விட அந்தச் சட்டியின் அடிக்குத்தான் வீட்டில் சண்டை நடக்கும். மதுரையின் கறி தோசையும், தெருக்கடையில் டங்டங் என்று ஒலிக்கும் கொத்துப் பரோட்டாவும் இதே குடும்பம்தான். அமெரிக்காவில் பண்டிகை வான்கோழியை மறுநாள் உருளைக்கிழங்கோடு பொடிப்பொடியாக நறுக்கி வாணலியில் முறுக விட்டு 'ஹாஷ்' என்கிறார்கள். 'நறுக்கு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் 'கொத்து' அதற்கு அப்படியே பொருந்துகிறது.

இனி ராத்திரி விஷயம்.

'காலையில் நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துப்போகும்' என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் உண்மை. பெரிய சட்டியில் கறி மெல்ல ஆறும்போது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதன் வித்துகள் முதல் கொதியில் சாகாது. சூடு 45 டிகிரி வாக்கில் இறங்கும்போது முளைத்து அசுர வேகத்தில் பெருகும். அதைச் சாப்பிட்டால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்த பாக்டீரியா சாகும், மறுக்கவில்லை. ஆனால் பரிமாறிய கைகளிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வேறு ரகம். அது உணவில் கக்கி வைத்த நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பிரியாணிச் சோற்றில் வளரும் பேஸில்லஸ் சீரியஸின் வாந்தி நச்சும் அப்படியே. கிருமி செத்தாலும் விஷம் தங்கிவிடும். வாடை மாறாது, நிறம் மாறாது. மூக்கை நம்பிப் பயனில்லை. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

'டிசம்பர் குளிர்தானே, கெடாது' என்று பெங்களூர்க்காரர்கள் சொல்வதுண்டு. டிசம்பர் இரவில் வெளியே 15, 16 டிகிரி இருக்கும். நாள் முழுக்க அடுப்பெரிந்த சமையலறையில் அவ்வளவு குளிர் இருக்காது. உணவுப் பாதுகாப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையோ 5 டிகிரிக்குக் கீழே, அல்லது 60 டிகிரிக்கு மேலே. நடுவில் இருப்பதெல்லாம் ஆபத்துப் பிரதேசம். சமைத்த பண்டம் அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதே நிறுவனத்தின் விதி. ஒரு மணிக்குப் பரிமாறிய ரோஸ்ட் ஆறு மணி விருந்தாளிக்காக மேசையிலேயே காத்திருந்தால், அது மறுநாள் பலகாரத்துக்கு லாயக்கில்லை. கொட்ட மனம் வராதுதான். கொட்டத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் ஃபிரிஜ் இருந்ததா என்று கேட்கலாம். இல்லை. கன்டோன்மென்ட் வீடுகளில் கம்பி வலை அடித்த 'மீட் சேஃப்' அலமாரி இருந்தது. அதன் கால்கள் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. ஈயையும் பூனையையும் அது தடுத்தது, கிருமியை அல்ல. நம் பாட்டிகள் குழம்பை ராத்திரி ஒரு கொதி, காலையில் ஒரு கொதி விட்டு வற்ற வைத்தார்கள். முளைத்த கிருமி சாகும், நீர் குறையும், உப்பும் எண்ணெயும் கூடும். மூளையுள்ள முறைதான். ஆனால் அன்றைய சமையல் அளவும் வேறு, மிஞ்சுவதே அபூர்வம்.

ஆகவே 25-ம் தேதி மதியமே செய்ய வேண்டிய வேலை இது. மேசை கலைந்ததும் மிச்சத்தைப் பெரிய சட்டியிலேயே விடாமல், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரிக்க வேண்டும். ஆவி அடங்கியதும் மூடி ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பெரிய அண்டாவை உள்ளே தள்ளினால் பக்கத்திலிருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும். ரோஸ்ட்டை எலும்பிலிருந்து பிரித்துத் தனியாக, குழம்புக் கறியைக் குழம்போடு, பிரியாணித் துண்டைச் சோறு உதிர்த்துவிட்டு. எலும்பு வேறு டப்பாவில். அதற்கும் வேலை இருக்கிறது. காலையில் தேவையானதை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைத்து இன்னொரு முறை சூடாக்குவது கூடாது. மூன்று நாளே கணக்கு. அதற்கு மேல் வைக்க நினைத்தால் முதல் நாளே ஃப்ரீஸரில் போட்டுவிடலாம்.

ஃபிரிஜ்ஜில் பத்திரமாக இருந்தாலும் மறுநாள் கறிக்கு ஒரு மாதிரிப் பழைய வாடை வருமே, அது ஏன்? கெட்டுப்போன வாடை அல்ல அது. சூட்டில் இறைச்சியின் சிவப்பு நிறமியிலிருந்து இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பு கொழுப்பைக் காற்றோடு சேர்த்து ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி போன்ற அந்த வாடைக்கு உணவு விஞ்ஞானிகள் 1958-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். கோழியிலும் பன்றியிலும் அதிகம். அவற்றின் கொழுப்பு எளிதில் காற்றுக்கு இணங்கும். கிராம்பு, மிளகு, இஞ்சி, பூண்டு போன்றவை இந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். மசாலாவில் ஊறி, எண்ணெயில் மூழ்கி, வினிகரில் கிடந்த விண்டாலு மூன்றாம் நாளும் மணப்பதும், உப்பும் மிளகும் மட்டும் போட்ட வெறும் ரோஸ்ட் ஒரே ராத்திரியில் சோர்ந்துபோவதும் இதனால்தான். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த பூண்டும் ஒயினும் கலந்த இறைச்சிப் பக்குவம், கோவாவில் வினிகருக்கும் மிளகாய்க்கும் மாறி விண்டாலு ஆனது. தொடக்கத்திலிருந்தே அது வைத்துச் சாப்பிடுவதற்கான பண்டம்.

ஜால்ஃப்ரெஸிக்குள்ள சூட்சுமம் இப்போது புரியும். மறுநாள் கறியை மறுபடி வேக வைத்தால் நார் இறுகும், பழைய வாடை தூக்கலாகும். அதிகச் சூட்டில், ஈரமில்லாமல், கொஞ்ச நேரம் வறுத்தால் மேற்புறம் முறுகிப் புது மணம் பிறக்கும். வெங்காயமும் மிளகும் பாக்கியை மூடி மறைக்கும்.

நான்கு பேருக்கு 350 கிராம் கறி போதும். உருளைக்கிழங்கு நடுத்தரம் 3, முதல் நாளே தோலோடு அவித்து ஃபிரிஜ்ஜில் வைத்தது. சூடான கிழங்கு வாணலியில் குழையும், குளிர்ந்தது துண்டு துண்டாக நிற்கும். பெரிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 3, தக்காளி 1, பூண்டு 4 பல், கறிவேப்பிலை ஒரு கொத்து, மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், முட்டை 4. உப்பைக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். கறியில் ஏற்கெனவே இருக்கிறது.

பாத்திரம்தான் முக்கியம். அகலமான கனத்த இரும்பு வாணலி அல்லது பழகிய தோசைக்கல். கல் புகையும் தறுவாயில் இரண்டு ஸ்பூன் எண்ணெய். கிழங்குத் துண்டுகளைப் பரப்பி, கிளறாமல் விட வேண்டும். இந்த 'கிளறாமல்' என்ற சொல்தான் பலருக்குக் கஷ்டம். அடிப்பக்கம் பொன்னிறம் ஆகும் வரை கரண்டியைக் கையில் எடுக்கவே கூடாது. பின்பு திருப்பி, இன்னொரு பக்கமும் முறுகியதும் எடுத்து வைக்கலாம். அதே கல்லில் வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் கருகத் தொடங்கியதும் மஞ்சளும் தக்காளியும். தக்காளி நீர் முழுக்க வற்றிய பிறகே கறி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் நீர் வெளிப்பட்டு, சூடு 100 டிகிரியைத் தாண்டாமல், வறுவலுக்குப் பதில் அவியல்தான் கிடைக்கும். சின்னக் கல்லானால் இரண்டு ஈடாகச் செய்யலாம். கறி ஆவி பறக்க, உள்ளே வரை சூடாக வேண்டும். துண்டுகள் பொடியாக இருந்தால் 4, 5 நிமிடத்தில் ஆகிவிடும். கிழங்கைத் திருப்பிச் சேர்த்து, மிளகைத் தூவி, நான்கு குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றி மூட வேண்டும். வெள்ளை கெட்டிப்பட 3 நிமிடம். சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள் கருவும் கெட்டியாகட்டும். ஆரம்பத்திலிருந்து 20 நிமிடம். கழுவ வேண்டியது ஒரே பாத்திரம்.

ரோஸ்ட்டை நாருக்குக் குறுக்கே, மெல்லிசாக அரிய வேண்டும். பெங்களூரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த கர்நாடகச் சட்டத்தின்படி பசு, காளை வதைக்கு முழுத் தடை. 13 வயதைத் தாண்டிய எருமைக்கு மட்டுமே அனுமதி. முற்றிய எருமைக் கறி முதல் நாளே பொறுமை கேட்கும். மறுநாள் தடிமனாக வெட்டினால் தாடைக்குத் தண்டனைதான். பல வீடுகள் பன்றிக்கும் கோழிக்கும் ஆட்டுக்கும் மாறிவிட்டன. கோழியின் மார்புக்கறி சட்டென்று வறண்டுவிடும். அதைக் கையால் பிய்த்து, முட்டைக்கு முந்தைய நிமிடத்தில் சேர்த்து, ஆவி வரும்வரை மட்டும் புரட்டினால் தப்பிக்கும். விண்டாலுவானால் எண்ணெயே வேண்டாம். குளிரில் உறைந்து நிற்கும் அதன் கொழுப்பே கல்லுக்குப் போதும், தக்காளியையும் விட்டுவிடலாம். ஆட்டுக்குழம்பில் துண்டுகளை வடித்து வறுத்து, குழம்பைத் தனியே கெட்டியாகச் சுண்ட வைத்துக் கடைசியில் மேலே ஊற்ற வேண்டும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் இந்த வழியே. பக்ரீத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் பச்சைக் கறி. அதற்கு உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம் இருக்கிறது. அது தனிக் கதை.

தொட்டுக்கொள்ள பேக்கரி ரொட்டியோ பன்னோ அதே கல்லில் வாட்டியது போதும். தோசை மாவு இருந்தால் இன்னும் சுகம். கனமாக ஒரு தோசை ஊற்றி, முட்டையைப் பரப்பி, வறுத்த கறியைத் தூவித் திருப்பிப் போட்டால் மதுரைக்காரர்கள் கூடக் குறை சொல்ல யோசிப்பார்கள். மிஞ்சிய இட்லியை உதிர்த்துக் கறியோடு புரட்டுவதும் உண்டு.

இந்தச் சமையலில் அரைப்பது இல்லை, ஊறவைப்பது இல்லை, பதம் பார்ப்பது இல்லை. கறியை வேக வைக்கும் கஷ்டமான பகுதியை ஒருவர் முதல் நாளே செய்து முடித்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் அவர் ஒரு பெண். கேக்குக்குப் பழம் ஊறவைத்ததில் தொடங்கி ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தவர். 'ஏம்மா, டிபன் ஆச்சா?' என்று 26-ம் தேதி காலையிலும் அவரிடமே கேட்பது கொஞ்சம் அதிகம். கரண்டி பிடித்திராத கணவனும் காலேஜ் போகும் பையனும் தப்பில்லாமல் செய்யக்கூடிய ஒரே அசைவச் சமையல் இதுவாகத்தான் இருக்கும். உருளைக்கிழங்கைக் கிளறாமல் விடுவதில் சமைத்துப் பழகாதவர்களே கெட்டிக்காரர்கள். சோம்பல் இங்கே தகுதி.

எலும்பு டப்பா பாக்கி இருக்கிறது. டிபன் முடிந்த கையோடு அதைக் குக்கரில் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் சின்னத் தீயில் விட்டால் மத்தியானச் சோற்றுக்கு மிளகுத் தண்ணீர் தயார். ஆங்கிலோ-இந்தியர் இதை 'பெப்பர் வாட்டர்' என்பார்கள். வெள்ளைக்காரர் நம் சொல்லையே வாங்கிக்கொண்டு 'முல்லிகடானி' ஆக்கிச் சீமைக்கு எடுத்துப் போனார்கள். விருந்துக்கு மறுநாள் வயிற்றுக்கு அது இதமாக இருக்கும். வடிகட்ட மறக்க வேண்டாம்; ரோஸ்ட் எலும்பின் சில்லுகள் பல்லைப் பதம் பார்க்கும்.